மார்பகப் பரிசோதனைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: பயத்தோடு போய், அடுத்த தேதியோடு திரும்பி வர

பயம் தீர்ந்த பிறகு போகலாம் என்று இருந்தால் இந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு யாருமே போக முடியாது. நான் நான்கு தடவை போயிருக்கிறேன். நான்கு தடவையும் முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் முதல் தடவை இருந்த கலக்கம் நான்காம் தடவை இல்லை. என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. அது முன்னாலேயே தெரிந்திருந்தால் எத்தனையோ ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்துக்காரி. உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. நான் சொல்வது வழித்துணைக்கு.

முதலில்: எதற்காகப் போகிறீர்கள்?

ஒரு தொந்தரவும் இல்லாமல், வயது வந்துவிட்டது என்பதற்காகப் பார்த்துக்கொள்வது ஒன்று. கட்டி தட்டுப்பட்டதால் பார்ப்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பயம் தொடங்குகிறது.

தொந்தரவு இல்லாதவர்களுக்கு நம் நாட்டு அரசு வகுத்திருக்கும் முறை எளிது. 30 வயதிலிருந்து 65 வரை, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோ கையால் தொட்டுப் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் அக்காவிடம் கேட்டால், எந்த நாளில் போகலாம் என்று சொல்வார். ‘கையால தடவிப் பாத்தா என்ன தெரியும்’ என்று நினைக்காதீர்கள். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் கவனித்து நடத்திய ஆய்வு ஒன்று 2021-ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை இப்படிக் கையால் பார்த்ததிலேயே, 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் கட்டி, அக்குளில் வீக்கம், தோல் உள்ளிழுத்துக் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளே போவது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போங்கள். சுகாதார நிலையத்திலிருந்து பெரும்பாலும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். வெறும் வலி மட்டும் என்றால் பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. மாதவிலக்கை ஒட்டி இரண்டு பக்கமும் கனத்து வலிப்பது பலருக்கும் உண்டு. ஆனாலும் காட்டிவிடுங்கள். ஒன்றுமில்லை என்பதை டாக்டர் வாயிலிருந்து கேட்டால்தான் மனசு நம்பும்.

தேதி வாங்கிய பிறகு

டாக்டர் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கச் சொன்னால், மாதவிலக்கு உள்ளவர்கள் அது முடிந்த அடுத்த வாரத்தில் தேதி கேளுங்கள். அப்போது மார்பு இறுக்கமில்லாமல் இருக்கும், வலியும் குறைவு. 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அனுப்புவது வழக்கம். இளவயதில் சதை அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் படத்தில் தெளிவாகத் தெரியாது. நோய் முற்றிவிட்டதால் வேறு டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

அன்றைக்குக் குளித்துவிட்டுப் பவுடர் போடாதீர்கள். அக்குளில் சென்ட், மார்பில் களிம்பு எதுவும் வேண்டாம். பவுடர் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். அதை, சில நேரம் நோயின் அறிகுறியாகும் சுண்ணாம்புப் படிவு என்று சந்தேகப்பட்டு மறுபடி எடுக்க நேரிடலாம். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் பவுடர் இல்லாமல் பஸ் ஏறுவது கஷ்டம்தான். ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டால் திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம். மேலாடையை மட்டும் கழற்ற வசதியாகச் சேலையோ, டாப்பும் பேன்ட்டும் தனித்தனியான சுடிதாரோ உடுத்துங்கள். வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பயமும் பசியும் சேர்ந்தால் தலை சுற்றும்.

தாலிச் செயினைக் கழற்றச் சொல்வார்கள். படத்தில் விழுந்தால் மறைக்கும் என்பதுதான் காரணம். ஆனால் அந்த நேரத்தில், அந்த இடத்தில், தாலியைக் கழற்றச் சொன்னால் மனசு துணுக்குறும். எனக்குக் கை நடுங்கியது. இப்படிச் சொல்வார்கள் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அவ்வளவு ஆகியிருக்காது. ஒரு சுத்தமான கைக்குட்டை கொண்டுபோய் அதில் முடிந்து, கூட வந்தவரிடம் கொடுங்கள்.

கூட ஒருவர் போதும். அழாமல் கேட்கக்கூடியவராக, டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளக்கூடியவராக இருக்கட்டும். ஐந்தாறு பேர் போனால் அவர்களை ஆறுதல்படுத்துவதே உங்கள் வேலையாகிவிடும். ஒரு சின்ன நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி, சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் எந்த வயதில் என்பது. அம்மாவுக்கு வந்ததால் எனக்கும் கட்டாயம் வரும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். குடும்பத்தில் பலருக்கோ இளவயதிலோ வந்திருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். உங்களுக்கு எப்போது தொடங்க வேண்டும் என்று அவர் முடிவு செய்வார்.

படம் எடுக்கும் அறை

இங்கே சொல்ல அதிகமில்லை. இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்துவார்கள். ஒவ்வொரு அழுத்தமும் சில விநாடிகள். பக்கத்துக்கு இரண்டு படம். வலிக்கும், ஆனால் வலி தொடங்கும்போதே முடிந்தும்விடும். தாங்க முடியவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். நிறுத்துவார்கள். பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்கவும் வெட்கப்பட வேண்டாம்.

கதிர்வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை. மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள கனிமம் இருக்கிறது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். ‘ஏற்கெனவே இங்க இவ்வளவு இருக்கு, இதுல இன்னும் எக்ஸ்ரேயா’ என்று கடற்கரைப் பெண்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஒரு மேமோகிராமில் உடலில் படும் கதிர்வீச்சின் அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட். சாதாரண ஊரில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏழு வாரத்தில் நம்மீது படுவது அவ்வளவு. இதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டைப் பஸ்ஸில் பிரிக்காதீர்கள்

என் முதல் ரிப்போர்ட்டை ஸ்கேன் சென்டரில் கவரில் போட்டுக் கையில் தந்தார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. டாக்டரைப் பார்ப்பது மறுநாள். வடசேரியில் பஸ் ஏறி, பார்வதிபுரம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். கடைசி வரியில் ‘பைராட்ஸ் 3’. எனக்குத் தெரிந்த ஒரே 3, சொந்தக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசும் ‘மூணாவது ஸ்டேஜ்’தான். சுங்கான்கடையும் வில்லுக்குறியும் போனது தெரியாது. தக்கலையில் இறங்காமல் அழகியமண்டபம் வரை போய்விட்டேன். அங்கே ரோட்டோரத்தில் நின்றுகொண்டு மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மைனிக்கு (அண்ணிக்கு) போன் போட்டேன். “அது ஸ்டேஜ் இல்ல மக்களே. படத்தப் பாத்து போடுத நம்பரு. மூணுன்னா பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா கூடப் பாக்கணும், அவ்வளவுதான்” என்றார். நம் பக்கத்தில் நர்ஸ் இல்லாத குடும்பம் குறைவு. உங்கள் குடும்பத்து நர்ஸின் நம்பரை அன்றைக்குக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்களின் பொருள் இது. 0 என்றால் படம் போதவில்லை, இன்னொரு படமோ ஸ்கேனோ பழைய படமோ வேண்டும். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கில்லாதது. நீர்க்கட்டி, ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி போன்றவை இதில் வரும். 3 என்றால் பெரும்பாலும் தீங்கில்லாதது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 100-க்கு 2-க்கு மேல் இல்லை. 4 என்றால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள்ளேயே ஏ, பி, சி என்று உண்டு: ஏ என்றால் வாய்ப்பு 100-க்கு 2 முதல் 10, பி 10 முதல் 50, சி 50 முதல் 95. எனவே ‘4’ என்று பார்த்ததுமே எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள், பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 5 என்றால் 95-க்கு மேல். 6, ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்குப் போடுவது. இந்த எண்களில் ஒன்றுகூட ஸ்டேஜ் கிடையாது. ஸ்டேஜ் என்பது நோய் உறுதியான பிறகுதான் வரும்.

இன்னொரு கணக்கும் எனக்கு உதவியது. அமெரிக்காவில், தொந்தரவு எதுவும் இல்லாமல் மேமோகிராம் எடுக்கும் 1,000 பெண்களில் சுமார் 100 பேரை மறுபடி கூப்பிடுகிறார்கள். அந்த 100 பேரில் புற்றுநோய் என்று முடிவது ஏறக்குறைய 5 பேருக்கு. கட்டியோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் ‘மறுபடி வரச் சொன்னார்கள்’ என்பதற்கு ‘நோய் இருக்கிறது’ என்று பொருள் இல்லை என்பது மட்டும் உறுதி.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன எண்? அடுத்து என்ன டெஸ்ட்? எந்தத் தேதியில்? மூன்றாவதற்குப் பதில் வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். தேதி தெரியாத காத்திருப்புதான் ஆளைக் கொல்கிறது.

காத்திருக்கும் நாட்கள்

டெஸ்ட்டைவிடக் கடினம் இதுதான். பகலில் வேலை இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும், அப்போது பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் யோசனை போகும்.

எனக்குப் பயன்பட்டதில் முதலாவது, பயப்படுவதற்கு ஒரு நேரம் ஒதுக்கியது. கேட்க விசித்திரமாக இருக்கும். மனநல மருத்துவர்களே சொல்லித்தரும் முறை இது. சாயந்திரம் ஐந்தரை முதல் ஆறு வரை. அந்த அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாப் பயத்தையும் நோட்டில் எழுதலாம், அழலாம். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால், ‘சரி, ஐந்தரைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் முடியவில்லை. நான்காம் நாளிலிருந்து முடிந்தது. எழுதிப் பார்த்தபோது, டாக்டரிடம் கேட்டால் தீரக்கூடியவை பாதி என்று தெரிந்தது. அவற்றை அடுத்த பக்கத்தில் கேள்வியாக மாற்றி எழுதினேன்.

ராத்திரி விழிப்பு வந்தால் போனைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் இணையத்தில் தேடினால் மிக மோசமானதுதான் கண்ணில் படும். மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அப்படியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து கைக்கு ஒரு வேலை கொடுங்கள். முருங்கைக் கீரை உருவினேன், பயறு பொறுக்கினேன். கை ஓடினால் மனசு கொஞ்சம் நிற்கும்.

கட்டியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்காதீர்கள். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தேன். அழுத்தி அழுத்தி அந்த இடம் கன்றிப்போய் வலித்தது. வலித்ததும் ‘பெரிசாகிவிட்டது’ என்று இன்னும் பயந்தேன்.

யாரிடம் சொல்வது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நம் ஊரில் ஒரு ஆளிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் வளாகம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் ஆளாளுக்கு வந்து, யாருக்கு என்ன ஆனது என்று கதை சொல்வார்கள். இரண்டு பேரிடம் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு ‘செக்கப்புக்குப் போயிருக்கேன், ரிசல்ட் வந்ததும் சொல்லுதேன்’ என்ற ஒரே பதில். கணவர் வளைகுடாவிலோ, தூத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் போல ஆழ்கடலிலோ இருந்தால் மறைக்கத் தோன்றும். மறைத்தால் சுமை உங்களுக்குத்தான். தேதியோடு சேர்த்துச் சொல்லுங்கள்: “செவ்வாய்க்கிழமை டெஸ்ட், அடுத்த வாரம் ரிசல்ட், வந்ததும் உங்களிடம்தான் முதலில் சொல்வேன்.” கடலில் இருப்பவருக்கு, கரைக்கு வந்து போன் எடுக்கும் முதல் நாளில்.

நேர்ச்சை வைக்கிறவர்கள் வையுங்கள். மண்டைக்காட்டு அம்மனோ, கோட்டாறு சவேரியாரோ, தக்கலை பீரப்பாவோ, மனசுக்கு எது பிடிமானமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் அதற்காக மாற்றாதீர்கள். நாட்டு வைத்தியசாலைகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் நானும் அங்கே போகிறவள்தான். ஆனால் மார்புக் கட்டிக்குப் பற்றுப் போடுவதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும், அது என்ன என்று தெரியும் முன்னால் வேண்டாம். கரைகிறதா என்று பார்த்து மாதங்களைத் தொலைத்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லை, வேலை ஓடவில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது தனியாகச் சமாளிக்கும் விஷயம் இல்லை. 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். மருத்துவச் சந்தேகங்களுக்கு 104.

ஊசி போட்டு எடுக்கச் சொன்னால்

‘ஊசி பட்டா பரவும்’ என்று குறைந்தது மூன்று பேர் சொல்வார்கள். அது உண்மையில்லை. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சுவதை எஃப்.என்.ஏ.சி. என்பார்கள். கொஞ்சம் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுப்பது பயாப்ஸி; மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். ‘டக்’ என்று ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற சத்தம் வரும். அது முன்னாலேயே தெரிந்தால் திடுக்கிட மாட்டீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில நாள் நீலம் பாரித்திருக்கும்.

வேறு டாக்டரிடமும் கேட்க நினைத்தால் ஒரு தடவை கேளுங்கள், தப்பில்லை. மறுபடி குத்தத் தேவையில்லாமல், எடுத்த சதையின் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போகலாம். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்தவர்கள் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போவது நெடுநாள் வழக்கம். நெய்யூரிலும் புற்றுநோய் சிகிச்சை உண்டு. ஆனால் மாநில எல்லை தாண்டும்போது காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முதலில் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நாலைந்து ஆஸ்பத்திரி ஏறி இறங்கினால் நாலைந்து விதமாகக் கேட்டு இன்னும் குழம்புவீர்கள்.

புற்றுநோய்தான் என்று வந்தால், அன்றே எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே துணையோடு போய், மார்பை முழுதாக எடுக்காமல் செய்ய முடியுமா, ஹார்மோன் ரிசல்ட் (ஹார்மோனால் வளரும் வகையா என்பது) என்ன என்று கேளுங்கள். சில நாட்கள் யோசிப்பதால் கெட்டுப்போவதில்லை. சில மாதங்கள் தள்ளிப்போடுவதால்தான் கெடும்.

சிகிச்சை முடித்தவர்களுக்கு ஒவ்வொரு செக்கப்பும் பழைய நாட்களைக் கிளறும். முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பதும், ஆண்டுக்கு ஒரு மேமோகிராமும் பொதுவான முறை. பயத்தில், ‘உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துருங்க’ என்று கேட்கத் தோன்றும். அறிகுறி இல்லாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்பதால்தான் டாக்டர்கள் எழுதுவதில்லை. உங்களைக் கவனிக்காமல் விடுவதாக நினைக்க வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான். முதல் பயம் ஆறியிருக்கும். உடம்பு நன்றாக இருக்கும். திரும்பப் போனால் அந்தப் பயம் மறுபடி வருமே என்று மனசு சாக்கு தேடும்: கோயில் கொடைத் திருவிழா வருகிறது, அத்தான் மகளுக்குக் கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை, ரப்பர் வெட்டு சீசன். பைராட்ஸ் 3-க்கு வழக்கமாக 6, 12, 24 மாதங்களில் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டும் மாறாமல் இருந்தால்தான் தீங்கில்லாதது என்று 2-க்கு இறக்குவார்கள். நடுவில் விட்டால் அந்த ‘மாறவில்லை’ என்ற சாட்சி கிடைக்காமல் போகும்.

முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். பழைய படமும் சி.டி.யும் ரிப்போர்ட்டும் ஒரே பையில் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லாவிட்டால் இல்லாத சந்தேகமெல்லாம் வரும். என் பை அலமாரியில் ரேஷன் கார்டு இருக்கும் தட்டில் இருக்கிறது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான்காம் தடவை நான் கவரைப் பிரிக்கவில்லை. டாக்டர் அறையில், மகள் பக்கத்தில் இருக்க, அவரே பிரித்து ‘2’ என்றார். மகள் நோட்டில் எழுதினாள். நான் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். அடுத்தது ஓர் ஆண்டு கழித்து, ஆவணியில். அடுக்களைக் காலண்டரில், பால் கணக்குப் போடும் கட்டத்துக்கு மேலே எழுதி வைத்திருக்கிறேன்.